இத்தாலி அலுமாரிக்குள் ஒரு பல்லி

மூன்றாவது முறையும் இயந்திரம் நின்றுவிட்டது. அதன் வாயிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு வெளியே வந்த சவர்க்காரப் பாளம், வெட்டுவாரில்லாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

“முதலை,” என்றான் யாக்கோப்பு.

“பேர் வைச்சது காணும். தூக்கி அங்கால வை,” என்றார் தில்லைநாதன்.

சுவரோரம் ஏற்கெனவே இரண்டு முதலைகள் படுத்திருந்தன. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் பாளம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, நீலக் காகிதத்தில் சுற்றப்பட்டு, மறுமுனையில் கட்டி கட்டியாக விழவேண்டும். இடையில் நின்றால் கத்தி உடனே நின்றுவிடும். பாளம் மட்டும் தன்பாட்டில் இன்னும் கொஞ்சத் தூரம் வந்துகொண்டேயிருக்கும். அப்படிப் பிறப்பதுதான் முதலை.

முள்ளியவளையிலிருந்து தண்ணீரூற்றுக்குப் போகும் வழியில், வயல்வெளி ஓரமாக எழும்பியிருந்த அந்தத் தொழிற்சாலைக்கு இயந்திரம் இத்தாலியிலிருந்து வந்திருந்தது. ஒரு முனையில் எண்ணெயை ஊற்றினால் மறுமுனையில் சவர்க்காரம். நடுவில் மனிதக் கை படாது. அறுபதுகளின் தொடக்கத்தில் வன்னியில் இது சின்ன விஷயமல்ல. சந்தைக்குப் போகிறவர்கள் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு எட்டிப் பார்த்துப் போவார்கள்.

அந்த மகிமை முழுவதும் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் இருந்தது. கதவைத் திறந்தால் வரிசை வரிசையாக, மின்சாரத்தை விட்டும் மறித்தும் வேலை வாங்குகிற ரிலேக்களும் வயர்களும் சிறு விளக்குகளும். இயந்திரம் ஒரு வேலையை முடித்து அடுத்த வேலைக்குப் போகும்போதெல்லாம் உள்ளே ஒரு ரிலே ‘டிக் டிக் டிக்’ என்று சொல்லும். நடுத்தட்டில் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பாதரசம் இருந்தது. எங்காவது ஏதாவது முட்டி மோதி அதிர்ந்தால், பாதரசம் ஆடி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். விபத்து வராமலிருக்க இத்தாலிக்காரர் செய்த ஏற்பாடு. பெட்டியின் இத்தாலியப் பெயர் ஒருவருடைய வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் அதை அலுமாரி என்றார்கள்.

அலுமாரிக்குப் பொறுப்பான மின் பொறியியலாளர் தில்லைநாதன். அவருக்குக் கீழே மூன்று பேர். வயரிங் வேலையில் பழுத்த சின்னராசா. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற மயில்வாகனம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் வரும் யாக்கோப்பு. மயில்வாகனம் கதைப்பது அபூர்வம். ‘ஓம்’ என்று சொல்வதற்கே இரண்டு தரம் யோசிப்பார்.

ஒரு குழுவை எப்படி நடத்துவது என்று தில்லைநாதன் மிலான் நகரத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர். வேலை தொடங்கிய முதல்நாள் மூவரையும் வரிசையாக நிறுத்தி நீண்ட பிரசங்கம் ஒன்று செய்தார். வெற்றிலை வாயோடு அலுமாரியைத் திறக்கக் கூடாது. ஈரக் கையோடு தொடக் கூடாது. வெறுங்காலோடு உள்ளே வரக் கூடாது. தான் சில வேளை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பிழையை உண்டாக்கிச் சோதிப்பார். பிழையைக் கண்டுபிடிக்கிறவன் வாய் திறக்காமல் திருத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கவேண்டும். மற்றவன் தன் கண்ணாலேயே கண்டுபிடிக்கட்டும். சாப்பாட்டுப் பொதியை ஜெனரேட்டருக்கு மேல் வைத்துச் சூடாக்கக் கூடாது. இப்படி வெயில் ஏறும் வரை சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவருக்கே தொண்டை கட்டி, முன்பாதி மறந்துவிட்டது. யாக்கோப்பின் மனதில் நின்றது ஜெனரேட்டரும் சாப்பாடும்தான் என்று அவனுடைய முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இப்போது பிரச்சினை வேறு. வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பணிப்பாளர் அப்புத்துரை வருகிறார். அவருக்கு முன்னால் இயந்திரம் ஒரு மணித்தியாலம் இடைநில்லாமல் ஓடவேண்டும். ஓடினால் மூன்று பேருக்கும் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் இயந்திரம் திரும்பவும் லொறி ஏறிக் கொழும்புக்குப் போகும். சின்னராசா பழையபடி கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டப் போகவேண்டும். யாக்கோப்பு கடலுக்கு. தில்லைநாதன் எங்கே போவார் என்பதை அப்புத்துரை தீர்மானிப்பார்.

“ஆர் அலுமாரியைத் தொட்டது?” என்றார் தில்லைநாதன்.

“நாங்கள் தொடேல்லை, ஐயா,” என்றார் சின்னராசா.

“நீ?”

“சத்தியமாய் நான் தொடேல்லை, ஐயா,” என்றான் யாக்கோப்பு.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயில்வாகனத்தின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து போனது. தில்லைநாதனுக்கு அது பிடிக்கவில்லை.

“காதைக் குடுத்துக் கேளுங்கோ. முதல்ல ‘டிக் டிக் டிக்’. அது ரிலே. அது சரி. அதுக்குப் பிறகு ‘டொக் டொக் டொக்’ எண்டு ஒரு சத்தம் வருது. அது வந்த உடன மெசின் நிக்குது. அந்த ‘டொக்’ எங்கயிருந்து வருது?”

சின்னராசா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டார். “அலுமாரியிலயிருந்துதான், ஐயா.”

“அது எனக்கும் தெரியும். அலுமாரியில எங்க?”

“வலப்பக்கம். மேல.”

“இப்ப நிண்டது கொஞ்சம் கீழ,” என்றான் யாக்கோப்பு.

“ஓம், ஓம். கொஞ்சம் கீழ,” என்று ஒத்துக்கொண்டார் சின்னராசா.

“என்ன காரணம்?”

“ஐயாவுக்குத் தெரியாததே,” என்றார் சின்னராசா பணிவாக. பிறகு ஒரு பொத்தானை இழுத்து, இன்னொன்றை அமத்தி, கண் மூடித் திறப்பதற்குள் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்.

“காரணம் தெரியாமல் எப்பிடி நீர் உடன ஓட்டுறீர்?”

“எல்லாம் ஐயா பழக்கினதுதான்.”

தில்லைநாதன் அந்தப் பிற்பகல் முழுவதும் வலப்பக்க ரிலேக்களைக் கழற்றிப் புதியவை போட்டார். போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று, அலுமாரியில் கையை ஊன்றி, காதைச் சாய்த்துக் கேட்டார். ‘டிக் டிக் டிக்’. ‘டொக் டொக் டொக்’. எல்லாம் நின்றது. முன்பு காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்றிருந்தது, புது ரிலே போட்டபின் பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு முதலை போட்டது.

மாலை வீட்டுக்குப் போனபோது அவருடைய மனைவி கமலாசனி கோழிக்கூட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்து ஐந்து வருடத்தில் அவளுக்கு இது நாலாவது வீடு. முந்திய மூன்று வீட்டிலும் முருங்கைத் தடி நட்டுவிட்டு, காய்ப்பதற்கு முன் பெட்டி கட்டியவள். இந்த வீட்டு முருங்கையில் இப்போதுதான் பூ வந்திருந்தது.

“மெசின் ஓடினதோ?” என்று கேட்டுக்கொண்டு தேநீரை மேசையில் வைத்தாள்.

“ஓடினது. நிண்டது. ஓடினது.”

“வெள்ளிக்கிழமைக்கு நிண்டால்?”

“முருங்கைக்காயைப் பக்கத்து வீட்டுக்காரர் ஆயட்டும்.”

கமலாசனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முகட்டில் ஒரு பல்லி சொன்னது. அவள் பேச்சை நிறுத்தி, பல்லிக்கு எல்லாரும் செய்கிறதுபோலச் சுவரில் விரல்முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள். “நல்லதுக்குச் சொல்லட்டும்,” என்றாள்.

“படிச்ச பெட்டை, நீர் இதையெல்லாம் நம்புறீரே,” என்றார் தில்லைநாதன். “அது பூச்சி பிடிக்கிற சீவன். அதுக்கு வெள்ளிக்கிழமை என்ன, செவ்வாய்க்கிழமை என்ன?” அவருடைய கோப்பை ஆடி, தேநீர் தட்டில் சிந்தியிருந்தது. “இந்த மேசையின்ர காலுக்கு ஒரு கட்டை வைக்கச் சொல்லி எத்தனை தரம் சொல்லியிட்டன்.”

“வைச்சாச்சு. ரெண்டு கட்டை வைச்சிருக்கு,” என்றாள் கமலாசனி. பிறகு, “இஞ்சாருங்கோ, அந்த அலுமாரிக்குள்ளயும் பல்லியாயிருக்குமோ? டிக் டிக் எண்டு சொல்லுது எண்டு நேற்றுச் சொன்னியள்,” என்றாள்.

தில்லைநாதன் சிரிக்கப் போனவர், சிரிக்கவில்லை. சகுனம் வேறு, விஞ்ஞானம் வேறு. ஆனால் ஒரு பல்லி இரண்டு கம்பிக்கு நடுவே வாலை வைத்தால் மிலானில் செய்த இயந்திரமும் நிற்கத்தான் செய்யும்.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து பல்லி தேடினார்கள்.

“எந்தத் திக்கில சொன்னது, ஐயா?” என்று ஆவலோடு கேட்டார் சின்னராசா. “தென்மேற்கெண்டால் உறவினர் வருகை. வடக்கெண்டால் திரவிய லாபம்.”

“பணிப்பாளர் வருகை எந்தத் திக்கு?”

“அதுக்குப் பலன் போடேல்லை, ஐயா.”

பல்லி அகப்படவில்லை. வந்திருந்தால் போயிருக்கும், போயிருந்தால் மறுபடி வரும் என்று முடிவு செய்தார் தில்லைநாதன். அலுமாரியின் முதுகில் காற்றுப் போக வைத்திருந்த துவாரங்களை எல்லாம் அடைக்கச் சொன்னார். சவர்க்காரம் சுற்றுகிற நீலக் காகிதத்தைக் கோதுமை மாப் பசை பூசி ஒட்டினான் யாக்கோப்பு. ஒட்டி முடிந்தபோது அலுமாரி திருவிழாவுக்குச் சோடித்த மாட்டுவண்டி மாதிரி இருந்தது.

காற்றுப் போகாத அலுமாரி மத்தியானத்துக்குள் அடுப்பாகியது. முத்திரை குத்துகிற நேரமும் காகிதம் சுற்றுகிற நேரமும் ஒன்றோடொன்று பிணங்கின. முதலில் காகிதம் சுற்றி, அதன் மேல் முத்திரை குத்தி, பிறகு இயந்திரம் அதை இரண்டாக வெட்டியது. கதவைத் திறந்து வைத்தார்கள். சூடு இறங்கியது. ஆனால் கோதுமை மாப் பசையின் வாசம் அயலெங்கும் பரவிவிட்டது. அடுத்தநாள் விடியும்போது பசையைத் தின்னக் கரப்பான்கள் வந்திருந்தன. கரப்பான்களைத் தின்னப் பல்லிகள் வந்திருந்தன. முன்பு ஒரு பல்லியும் இல்லாத இடத்தில் இப்போது கூரை, சுவர், அலுமாரிக் கதவு எல்லா இடத்திலும் பல்லி. ஒன்று சொல்ல மற்றது பதில் சொன்னது.

அன்றைக்கு இயந்திரம் நின்ற நேரம் போக மிச்ச நேரம்தான் ஓடியது. தில்லைநாதன் அலுமாரியை விட்டு நகரவில்லை. நகர மறுக்க மறுக்க முதலைகள் பெருகின. சுவரோரம் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

“இப்பிடியே போனால் குளம் வெட்டி விடவேணும்,” என்றான் யாக்கோப்பு.

தில்லைநாதனுக்குக் கோபம் வந்தது. புதுப் பாகம் அனுப்பச் சொல்லிக் கொழும்புக்குத் தந்தி அடிக்க முல்லைத்தீவுத் தபால் கந்தோருக்குப் புறப்பட்டார். பஸ் இடைவழியில் காற்றுப் போய் நின்று, சக்கரம் மாற்றி, அவர் திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து முதல் வேலையாகச் சுவரோரம் பார்த்தார். போகும்போது இருந்ததைவிட ஒரு முதலையும் கூடவில்லை. மறுமுனையில் கட்டிச் சவர்க்காரம் கழுத்தளவு குவிந்திருந்தது.

“நான் போன பிறகு எத்தனை தரம் நிண்டது?”

“ஒருக்காலும் நிக்கேல்லை, ஐயா.”

“முதலையளை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்?”

“ஏன் ஐயா ஒளிக்கிறம்? நீங்கள் இல்லாமல் எப்பிடி ஐயா நிக்கும்?” என்றார் சின்னராசா.

முகத்துக்கு நேரே புகழ்வது தில்லைநாதனுக்குப் பிடிக்காது. “பொய் சொல்லலாம், சின்னராசா. ஆனால் பொருந்தச் சொல்லவேணும்,” என்றார்.

யாக்கோப்பு ஒரு யோசனை சொன்னான். “எங்கட மீன் வாடியில ஒரு பூனை இருக்கு, ஐயா. பேர் பிலாத்து. பல்லி எண்டால் விடாது.”

“அதென்ன பேர்?”

“வேதத்தில வாற பிலாத்து மாதிரி, என்ன களவெடுத்தாலும் கையை நக்கிக் கழுவிப்போடும்.”

வியாழக்கிழமை பிலாத்து பனையோலை உமலுக்குள் இருந்து வந்து இறங்கியது. கருவாட்டில் வளர்ந்த பூனை. பல்லிகளை ஒருமுறை பார்த்தது. கரப்பான்களை ஒருமுறை பார்த்தது. இரண்டும் தன் தகுதிக்குரிய சாப்பாடல்ல என்று முடிவு செய்தது. அலுமாரியின் மேல்தட்டு இளஞ்சூடாக இருப்பதைக் கண்டு அதில் ஏறிப் படுத்து நித்திரையாகிவிட்டது.

தில்லைநாதன் கீழே நின்று பூனையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் பல்லி சொன்னது. அலுமாரியும் ‘டொக் டொக் டொக்’ என்றது. பிலாத்து திடுக்கிட்டு எழும்பி, இருந்த இடத்திலிருந்தே பாய்ந்து, ஓடுகிற பட்டியின் மேல் விழுந்தது. இயந்திரம் நின்றது. ஆனால் பட்டி தன்பாட்டில் இன்னும் கொஞ்சத் தூரம் போனது. அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் காகிதம் சுற்றுகிற கை தன் கடைசிக் கடமையைச் செய்துவிட்டது. பிலாத்து வெளியே வந்தபோது அதன் வாலில் நீலக் காகிதம் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அதில் ‘தூய தேங்காய் எண்ணெயில் செய்தது’ என்று அழகாக அச்சிட்டிருந்தது.

யாக்கோப்பு பிடிக்கப் போனான். பூனை ஜெனரேட்டர் கொட்டிலுக்குள் ஓடி மறைந்தது.

தில்லைநாதன் ஒரு முதலையின் மேல் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். பிறகு எழும்பி, மூவரையும் கூப்பிட்டார். காற்சட்டையின் பின்பக்கம் சவர்க்காரம் பிசுபிசுத்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

“நாளைக்கு நீங்கள் ஒருத்தரும் அலுமாரிக்குக் கிட்ட வரத் தேவையில்லை. நான் நிக்கிறன். ஒரு மணித்தியாலமும் நானே கிட்ட நிண்டு, அந்த ‘டொக்’ எங்கயிருந்து வருதெண்டு பாக்கிறன்.”

மூன்று முகமும் வாடின.

“நாளைக்குமோ, ஐயா?” என்றார் சின்னராசா.

“நாளைக்குத்தானே பெரிய சோதனை.”

“பெரியவருக்கு முன்னாலயோ?”

“அவருக்கு முன்னால இல்லாமல் ஆருக்கு முன்னால?”

அன்று போகும்போது சின்னராசா வற்றாப்பளை அம்மனுக்கு ஐந்து தேங்காய் நேர்ந்துகொண்டதாகவும், யாக்கோப்பு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனதாகவும் மறுநாள் தெரியவந்தது. மயில்வாகனம் என்ன நேர்ந்தார் என்பது தெரியாது. அவர் அம்மனிடமும் வாய் திறக்கிறவரல்ல.

வெள்ளிக்கிழமை காலை அப்புத்துரை செம்மண் புழுதியோடு காரில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய குடை, சட்டைப்பையில் சங்கிலி போட்ட மணிக்கூடு. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரத்து அடுக்கைக் கண்டு நின்றார்.

“இதென்ன, தில்லை?”

“பெரிய குடும்பங்களுக்கெண்டு ஒரு முயற்சி, சேர்.”

அப்புத்துரை அடுக்கைக் குடை நுனியால் ஒருமுறை குத்திப் பார்த்தார். சவர்க்காரம் விழுகிற முனையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். தில்லைநாதன் இந்த முனையில் அலுமாரியருகே, மூலஸ்தான வாசலில் நிற்கிற துவாரபாலகர்போல நின்றார். சின்னராசா பச்சைப் பொத்தானை அமத்தினார்.

பாளம் வந்தது. கத்தி வெட்டியது. முத்திரை விழுந்தது. நீலக் கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அப்புத்துரையின் காலடியில் விழுந்தன. அவர் ஒன்றை எடுத்து மணந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

‘டிக் டிக் டிக்’. ‘டொக் டொக் டொக்’.

நின்றது.

சின்னராசா பாய்ந்து வந்து, இழுக்கவேண்டியதை இழுத்து, அமத்தவேண்டியதை அமத்தி, ஒரு மூச்சுக்குள் மறுபடி ஓடவிட்டார். விட்டுவிட்டு அப்புத்துரையைப் பெருமையோடு பார்த்தார்.

“என்ன நடந்தது?” என்றார் அப்புத்துரை.

“சின்னத் தடங்கல், சேர். திருப்பி முதலிலயிருந்து எடுப்பம்,” என்றார் தில்லைநாதன்.

அப்புத்துரை மணிக்கூட்டைப் பார்த்து முதலிலிருந்து எடுத்தார். இந்த முறை யாக்கோப்பு பொத்தானுக்குப் பக்கத்திலேயே விரலை நீட்டியபடி தயாராக நின்றான். நின்றது. ஓட்டினான். மறுபடி நின்றது. மறுபடி ஓட்டினான். அவனும் அப்புத்துரையைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். தில்லைநாதனுக்கு வியர்வை முதுகில் ஆறாக ஓடியது. வேலை போகப்போகிற நேரத்தில் இந்த மூன்று பேரும் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பிலாத்து ஜெனரேட்டர் கொட்டிலிலிருந்து வெளியே வந்து, நீல வாலை உயர்த்தியபடி அப்புத்துரைக்கு முன்னால் நடந்து போனது. அப்புத்துரை வாலில் எழுதியிருந்ததை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

“தில்லை, வாரும். கந்தோருக்குள்ள இருந்து கதைப்பம்.”

“சேர், இன்னும் ஒரு தரம்...”

“மெசின் தன்பாட்டில ஓடட்டும். நீர் வாரும்.”

கந்தோரில் யாரோ இரண்டு தேநீர் வைத்துவிட்டுப் போனார்கள். அப்புத்துரை கதிரையில் சாய்ந்தார்.

“நீர் கெட்டிக்காரன் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் சில இடத்துக்குச் சில மெசின் சரிவராது. நான் இதைக் கொழும்புக்கு எடுப்பிக்கப் போறன். உமக்குத் தெற்கில, காலி நகரத்தில ஒரு இடம் இருக்கு.”

“காலியில முருங்கை வருமோ, சேர்?”

“என்ன?”

“ஒண்டுமில்லை, சேர்.”

சுவரில் பல்லி சொன்னது. மேசை ஆடியது. இருவருடைய கோப்பையிலிருந்தும் தேநீர் தட்டில் சிந்தியது.

“இந்த மேசைக்கு ஒரு கால் கட்டை போல,” என்றார் அப்புத்துரை.

“எங்கட வீட்டு மேசையும் இப்பிடித்தான், சேர். இந்தப் பக்கத்துத் தச்சு வேலை சரியில்லை.”

அப்புத்துரை காலியைப் பற்றிக் கதைத்தார். கடற்கரை வீட்டைப் பற்றி, மாம்பழத்தைப் பற்றி, தன் மூத்த மகளின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தார். தில்லைநாதன் ‘ஓம் சேர்’ என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கமலாசனிக்கு இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்ததில் மாப்பிள்ளை என்ன வேலை என்பது அவர் காதில் விழவில்லை. சீர்வரிசை முடிந்து, சாப்பாட்டுச் செலவுக்கு வந்தபோது அப்புத்துரை திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

“அது என்ன சத்தம்?”

“எது, சேர்?”

“மெசின். ஓடிக்கொண்டிருக்கு.” மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். “நாங்கள் வந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலாச்சு. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். ஒருக்காலும் நிக்கேல்லை.”

இருவரும் எழும்பி ஓடினார்கள். ஓடியதில் அப்புத்துரையின் குடை கதவில் அகப்பட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டார்.

நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்புத்துரை உட்கார்ந்திருந்த கதிரை நீலச் சவர்க்காரக் குவியலுக்குள் மறைந்துவிட்டது. அதன் உச்சியில் பிலாத்து படுத்திருந்தது. சின்னராசாவும் யாக்கோப்பும் மயில்வாகனமும் அலுமாரிக்கு அப்பால், கிட்டப் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ‘டிக் டிக் டிக்’ என்றது அலுமாரி. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பாளம் வெட்டுப்பட்டுக்கொண்டேயிருந்தது.

அப்புத்துரை குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு தில்லைநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இப்பதான் எனக்கு விளங்குது. தலைவன் கிட்ட நிண்டால் எல்லாக் குழுவும் ஓடும். தலைவன் இல்லாமல் ஓடுறதுதான் குழு. மெசின் இஞ்சயே நிக்கட்டும். உம்மட மூண்டு பேருக்கும் நிரந்தரக் கடிதம் திங்கட்கிழமை வரும். காலிக்கு வேற ஆளைப் பாக்கிறன்.”

கார் புழுதி கிளப்பிக்கொண்டு மாங்குளம் பாதையில் போய் மறைந்தது. குடை கதவிலேயே கிடந்தது.

தில்லைநாதன் திரும்பி வந்து சவர்க்காரக் குவியலில் சாய்ந்தார். முருங்கை, கோழிக்கூடு, கமலாசனியின் முகம் எல்லாம் ஒன்றாக அவர் கண்முன் வந்தன.

“சின்னராசா, யாக்கோப்பு, மயில்வாகனம். உங்களை நான் மறக்கமாட்டன். இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. நான் போன பிறகு அலுமாரிக்கு என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யேல்லை, ஐயா,” என்றார் சின்னராசா.

“ஒண்டும் செய்யாமல் எப்பிடி அந்த ‘டொக்’ நிண்டது?”

சின்னராசா யாக்கோப்பைப் பார்த்தார். யாக்கோப்பு மயில்வாகனத்தைப் பார்த்தான். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு முழு வசனம் பேசியிராத மயில்வாகனம், வேலை நிரந்தரமான தைரியத்தில் ஒரு அடி முன்னால் வந்து வாயைத் திறந்தார்.

“ஐயா, பல்லி சொல்லுற மாதிரி ஒரு ‘டிக்’ கேட்ட உடன நீங்கள் அலுமாரியில மூண்டு தட்டுத் தட்டி மெசினை நிப்பாட்டி எங்களைச் சோதிச்சது இனிக் காணும், நாங்கள் பாஸ் பண்ணியிட்டம்.”